கீச்சே மக்களின் படைப்புக் கதையும் அதன் உட்பொருளும்

உலகம் எவ்வாறு தோன்றிற்று, அதன்கண் மனிதன் எதன்பொருட்டு வந்தான் என்னும் வினாக்கள் ஏடு பயின்று தருக்கம் வல்லோர்க்கே உரியன அல்ல. காட்டினும் மலையினும் தம் முன்னோர் வழிவந்த வழிபாட்டையே பற்றி வாழும் தொல்குடிகளும் அவ்வினாக்களை எழுப்பி விடையும் கண்டுள்ளனர். அவ்விடைகள் பெரும்பாலும் கதை வடிவின. கதை வடிவின ஆதல் பற்றியே அவற்றைச் சிறுவர் கற்பனையென இகழ்ந்து ஒதுக்குவாரும் உளர்.

இங்கிலாந்து நாட்டுத் தைலர் என்னும் அறிஞர் 1871-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், இத்தகைய கதைகள் இயற்கை நிகழ்ச்சிகட்குக் காரணங் காண முயன்ற இளம்பருவ அறிவின் விளைவு என்று கொண்டார். மலினோஸ்கி என்பார் 1926-ஆம் ஆண்டில், அவை காரண ஆராய்ச்சி அல்ல, ஒரு குடியின் வழிபாடும் ஒழுக்கமும் உரிமையும் நிற்றற்கு நிலைக்களமாகிய பட்டயம் போல்வன என்றார். முன்னவர் கூற்று மெய்யாயின் அறிவியல் வளர வளரக் கதை வீழ்ந்தொழிதல் வேண்டும். பின்னவர் கூற்று மெய்யாயின் அக்குடி உள்ளவரை கதையும் உளதாதல் வேண்டும். இதனைப் பொதுவகையான் வாதித்தலினும், ஒரு குடியின் ஒரு கதையை எடுத்து அதன் வரலாற்றையும் சொற்பொருளையும் நுணுகி நோக்குதலே துணிவு பயக்கும். அதற்குக் கீச்சே மக்களின் போபொல் வூ என்னும் நூல் சாலவும் ஏற்றது.

நூல் வந்த வரலாறு

நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் மேற்கு மலைநாடு கீச்சே மக்களின் தாயகம். இவர் மாயா என்னும் பேரினத்தின் ஒரு கிளையினர். இவர்தம் மொழியை இன்றும் பத்து நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசுகின்றனர். மாயா என்னும் பெயரொலி ஒன்றே பற்றி இவரைத் தெய்வத் தச்சனாகிய மயனோடு இயைத்து, இவர் பாரத நாட்டினின்றும் சென்றோர் என்று கூறுவாரும் உளர். அதற்குச் சான்று யாதும் இன்று. ஒலியொப்புமை உறவுக்குக் கரியாகாது. பிறர் பொருளை நமதென்று பேசுதல் அவரைப் பெருமைப்படுத்துதல் போலத் தோன்றினும், உண்மையில் அவர் பொருளை அவரிடமிருந்து கவர்தலேயாம். ஆதலின் அவர் கதையை அவர் கதையாகவே வைத்துக் காண்டல் முறை.

1524-ஆம் ஆண்டில் பெத்ரோ தெ அல்வராடோ என்னும் இசுபானியப் படைத்தலைவன் கீச்சே நாட்டுட் புகுந்தான். தலைநகராகிய குமார்காஹ் தீக்கிரையாயிற்று. அந்நகரை ஆண்ட தலைவர் இருவரைத் தான் எரித்த செய்தியை அவனே தன் மேலாளனுக்கு வரைந்த கடிதத்தில் கூறியுள்ளான். வாளின் பின்னே பாதிரிமார் வந்தனர். பழைய சித்திர எழுத்தேடுகள் பேயின் நூல்களெனப் பழிக்கப்பட்டன. யுகத்தான் நாட்டு மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாந்தா என்னும் துறவி 1562-ஆம் ஆண்டில் ஏடுகளைக் குவித்து எரித்த கொடுமை உலகறிந்தது. மாயா இனத்தார் எழுதிய பழைய ஏடுகளுள் இன்று எஞ்சியன நான்கே.

தலைநகர் அழிந்து ஒரு தலைமுறை கழிந்தபின், ஏறத்தாழ 1554-க்கும் 1558-க்கும் இடையில், கீச்சே உயர்குடியினர் சிலர் தம் முன்னோர் வரலாற்றை எழுதத் துணிந்தனர். தம் பெயரை அவர் யாண்டும் குறித்திலர். பழைய எழுத்து தடையுண்டமையால், பாதிரிமாரிடம் கற்ற உரோம எழுத்தாற் கீச்சே மொழியை எழுதினர். கிறித்தவ ஆட்சியின் நடுவே இருந்தே எழுதுகின்றனம் என்பதனையும், முன்னோர் கையாண்ட மூலநூலைக் காணுதல் இனி இயலாது என்பதனையும் தொடக்கத்திலேயே கூறுகின்றனர். போபொல் வூ என்பதற்கு மன்றத்து நூல் என்பது பொருள். போப் என்பது பாய். பெரியோர் பாய்மேற் கூடியிருந்து ஆராய்தலின் அச்சொல் அவையையும் குறித்தது.

அவ்வேடு நூற்றைம்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தது. 1701-க்கும் 1703-க்கும் இடையில், சிச்சிகாஸ்தெனாங்கோ என்னும் ஊரில் குருவாக இருந்த பிரான்சிஸ்கோ சிமேனஸ் என்னும் தொமினிக்கத் துறவியின் கைக்கு அது எட்டிற்று. அவர் ஒருபுறம் கீச்சே மொழியும் மறுபுறம் இசுபானிய மொழிபெயர்ப்புமாகப் படியெடுத்தார். அம்மக்கள் கொண்டிருந்த மயக்கங்களை அறிந்து மறுத்தற்கு உதவும் என்பதே அவர் கருத்து. மறுத்தற்கு எடுத்தவரே காத்தவர் ஆயினார். மூலவேடு பின்னர்க் காணப்படவில்லை. சிமேனஸ் எழுதிய படியே இன்றுள்ள அனைத்துக்கும் ஊற்று. அதனைக் கொண்டு 1857-இல் வியன்னா நகரில் இசுபானிய மொழிபெயர்ப்பும், 1861-இல் பாரிசு நகரில் பிராசர் தெ பூர்பூர் என்பாரின் பதிப்பும் வெளிவந்தன. அப்படி பல கை மாறிச் சிகாகோ நகரத்து நியூபெரி நூலகத்தை அடைந்தது. குவாத்தமாலா நாட்டு அறிஞராகிய அத்ரியான் ரெசினோஸ் 1941-இல் அதனை ஆங்குக் கண்டு, 1947-இல் புதிய மொழிபெயர்ப்பொன்றை வெளியிட்டார்.

கதையின் போக்கு

தொடக்கத்தில் வானமும் அசைவற்ற நீர்ப்பரப்புமே இருந்தன. மனிதன் இல்லை, விலங்கு இல்லை, கல்லும் மரமும் இல்லை. இருளினூடே நீரின்கண் பசுமையும் நீலமும் கலந்த இறகு போர்த்து ஒளிர்ந்திருந்தனர் படைப்போர். அவர் பெயர் பல. உருவாக்குவோன், வடிப்போன், ஈன்றாள், ஈன்றான், இறகுடைப் பாம்பு என்றெல்லாம் நூல் வழங்கும். வானத்தின் நெஞ்சம் எனப்படும் தெய்வம் அவர்பால் வந்து உரையாடிற்று. தனியொருவர் ஆணை அன்று, கூடி ஆய்ந்த ஆய்வே படைப்புக்கு முதலாயிற்று. நிலம் என்று அவர் கூற, மஞ்சு எழுந்தாற்போல நீரினின்றும் மலைகள் எழுந்தன.

பின்னர் விலங்கும் புள்ளும் படைக்கப்பட்டன. எங்கள் பெயரைக் கூறுமின், எம்மை நினைமின் என்று படைப்போர் கேட்க, அவை கூவின, கனைத்தன, சீறின. ஒன்றன் ஒலி ஒன்றனோடு ஒவ்வாது, பெயர் சொல்லும் மொழி அவற்றுக்கு வாய்த்திலது. அதனால் அவற்றின் ஊன் பிறர்க்கு உணவாகுக என விதிக்கப்பட்டது.

இரண்டாவது முயற்சி மண்ணாலாகியது. மண்ணுரு பேசிற்று, ஆயினும் பொருளின்றிப் பேசிற்று. தலை திரும்பவில்லை, முகம் ஒருபுறம் சரிந்தது, நீர்பட்டு உடல் கரைந்தது. படைப்போரே அதனைக் கலைத்துவிட்டனர்.

மூன்றாவதாக, நாட்கணிக்கும் முதியோராகிய ஷ்பியாகொக், ஷ்முகானே என்னும் இருவரிடம் குறிகேட்டனர். அவர் மக்காச்சோள மணியும் சித்தே என்னும் மரத்தின் செவ்விதையும் பரப்பிக் கணித்தனர். சித்தே என்பது முள்முருக்கின் இனத்தைச் சேர்ந்த மரம். கணிப்பின்படி ஆண்மக்கள் அம்மரத்தானும் பெண்மக்கள் கோரையானும் ஆக்கப்பட்டனர். இவர் பேசினர், பல்கினர், நிலம் எங்கும் நிறைந்தனர். ஆயின் இவர்க்கு நெஞ்சம் இல்லை, குருதி இல்லை, நினைவு இல்லை. தம்மை ஆக்கினோரை இவர் எண்ணினாரல்லர். அதனாற் பெருவெள்ளம் வந்தது, பிசின் மழை பொழிந்தது. அந்நிலையில் இவர்தம் வீட்டுப் பொருள்களே எழுந்து இவரை எதிர்த்தன. நாள்தோறும் அரைத்து எம்மைத் தேய்த்தீர் என்றது அம்மிக்கல். நெருப்பிலிட்டு எம்மைக் கரித்தீர் என்றன பானையும் அடைசுடும் ஓடும். உணவிடாது எம்மைப் புடைத்தீர் என்றன நாய்கள். வீட்டின்மேல் ஏறினால் வீடு சரிந்தது, மரத்தில் ஏறினால் மரம் உதறிற்று, குகை வாயை மூடிக்கொண்டது. தப்பினோர் வழியே குரங்குகள் எனப்பட்டன.

இதன்பின் ஹுனாபூ, ஷ்பலான்கே என்னும் இரட்டையர் வரலாறு விரிகின்றது. தானே ஞாயிறும் திங்களும் எனத் தருக்கிய வுகுப் காகீஷ் என்னும் பறவையை அவர் வீழ்த்தினர். ஷிபல்பா என்னும் கீழுலகிற் புகுந்து, தம் தந்தையைக் கொன்ற சாவின் தலைவரை வென்று, வானிற் சுடர்களாக எழுந்தனர். செருக்கும் சாவும் அடங்கியபின்னரே மனிதப் படைப்பு நிறைவெய்தும் என்பது இவ்விடைப் பகுதியின் குறிப்பு.

நான்காவது முயற்சியே பயன் தந்தது. நரியும் ஓநாய்க்கு நிகரான கொயோட்டியும் கிளியும் காக்கையும் பாஷில் என்னும் மலையில் மஞ்சள் மக்காச்சோளமும் வெள்ளை மக்காச்சோளமும் விளைந்திருத்தலைக் காட்டின. ஷ்முகானே அதனை ஒன்பது முறை அரைத்தாள். அம்மாவே மனிதன் ஊனாயிற்று. முதல் மனிதர் நால்வர் தோன்றினர். அவர் பேசினர், கண்டனர், உடனே தம்மைப் படைத்தோர்க்கு நன்றி கூறினர்.

மறைக்கப்பட்ட கண்

அந்நால்வர் கண் எல்லையற்ற காட்சி உடையது. இருந்த இடத்திலிருந்தே மலைக்கப்பாலும் கடற்கப்பாலும் உள்ளவற்றைக் கண்டனர். இவர் எமக்கு நிகராவரோ என ஐயுற்ற படைப்போர், அவர் கண்ணை மங்குவித்தனர். கண்ணாடிமேல் மூச்சுப் படிந்தாற்போல அவர் காட்சி மழுங்கிற்று. அண்மையில் உள்ளவை மட்டுமே அதன்பின் அவர்க்குத் தெளிவாயின.

சைவ நூல் பயின்றார் இவ்விடத்தே ஆணவ மறைப்பை நினைத்தல் இயல்பே. ஒப்புமை சிறிது உண்டு, வேற்றுமை பெரிது. அறிதற்குரிய உயிரின் காட்சியை ஒன்று மறைத்து நிற்கின்றது என்னும் அளவில் இரண்டும் ஒக்கும். ஆயின் ஆணவம் அநாதி, இறைவன் ஆக்கியதன்று. ஈண்டு மறைப்பு படைப்போர் செயல். சித்தாந்தத்தில் அம்மறைப்பு வலிகெட்டு உயிர் வீடெய்துதல் படைப்பின் பயன். கீச்சே நூலோ வீடுபேற்றைப் பேசிற்றன்று. குறுகிய கண்ணோடு வாழ நேர்ந்தவன் எவ்வாறு நெறி தவறாது வாழ்வது என்பதனையே பேசிற்று.

அதற்கு அந்நூல் தரும் விடை வியக்கத்தக்கது. முன்னோர் கையிலிருந்த மன்றநூலைக் காணும் கருவி என்னும் பொருள்பட அது குறிக்கின்றது. போர் வருமோ, பஞ்சம் வருமோ என்பதனைத் தலைவர் அந்நூல்கொண்டு நோக்கினர் என்றும் கூறுகின்றது. கண்ணின் மறைந்ததை நினைவு ஒருசிறிது மீட்டுத் தருகின்றது என்பதே அதன் கருத்தாகும். இதனை உணர்ந்தார்க்கு ஏடுகளை எரித்த செயலின் முழுக்கொடுமையும் விளங்கும். அது தோலையும் மரப்பட்டையையும் எரித்ததன்று. ஒருமுறை மங்கிய கண்ணை மற்றுமொருமுறை அவித்ததாகும். பெயர் கூறாது மறைந்திருந்து அந்நூலை மீண்டும் எழுதினோர், இழந்த கண்ணையே மீட்டவராவர்.

தடையும் விடையும்

படைப்போர் மும்முறை பிழைபட்டனர் எனின் அவர் முற்றறிவினர் ஆதல் யாங்ஙனம் எனின், இக்கதை தெய்வத்தின் முற்றறிவை நாட்ட எழுந்ததன்று என்க. மனிதன் மனிதனாதற்கு எவை வேண்டும் என்பதனைக் குறைகளின் வாயிலாகக் காட்டுதலே அதன் நோக்கம். விலங்கிற்கு இல்லாதது பெயர் சொல்லும் மொழி. மண்ணுருவிற்கு இல்லாதது நிலைபேறு. மரவுருவிற்கு இல்லாதது நினைவு. மொழியும் நிலைபேறும் இருந்தும் நினைவு ஒன்று இன்மையால் மரமக்கள் அழிந்தனர். ஆகவே மூன்றனுள்ளும் தலையாயது நினைவே என்பது பெறப்பட்டது.

அம்மியும் பானையும் எதிர்த்தெழுதல் நகைப்பிற்குரிய கற்பனையன்றோ எனின், அன்று. மரமக்கள் மேல்வைத்துச் சாற்றப்பட்ட குற்றம் இரண்டு. ஆக்கியோரை மறந்தது ஒன்று, தமக்கு உதவிய கல்லையும் கலத்தையும் நாயையும் வருத்தியது மற்றொன்று. இவை இரண்டாகத் தோன்றினும் வேர் ஒன்றே. தான் பிறர் துணையால் வாழ்கின்றான் என்பதை மறந்தவன் மேலுள்ளாரை வணங்கான், கீழுள்ளார்க்கு இரங்கான். வழிபாடின்மையும் கொடுமையும் ஒரு மறதியின் இரு கிளைகள் என்பதனை இதனினும் எளிதாகக் கூறுதல் அரிது.

பயிர் பல இருக்க மக்காச்சோளத்தை மனிதன் ஊனாகக் கூறியது என்னை எனின், அது அந்நாட்டு முதலுணவு என்பது மட்டும் காரணமன்று. இன்றைய ஆராய்ச்சியாளர், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ நாட்டில் ஒருவகைக் காட்டுப்புல்லினின்றும் மனிதர் அதனைப் படிப்படியாக வளர்த்தெடுத்தனர் என்பர். அதன் மணிகள் கதிரில் இறுகப் பற்றி மேலே உறை மூடியிருத்தலால், மனிதன் உரித்து விதைத்தாலன்றி அப்பயிர் தானே பரவி நிலைத்தல் இயலாது. மனிதன் அதனாலும், அது மனிதனாலும் வாழ்கின்றன. இவ்விரு தலைத் துணையையே கீச்சே மக்கள் தெய்வத்திற்கும் மனிதனுக்கும் இடையே வைத்தனர். படைக்கப்படுவோன் தம்மைப் பேணுவோனாதல் வேண்டும் என்று படைப்போர் விரும்பியதாக நூல் கூறுதல் இதுபற்றியே. இறைவன் எதனையும் வேண்டாத நிறைவினன் என்னும் கொள்கையுடையார்க்கு இது உடன்பாடாகாது. ஆயினும் நன்றியே மனிதனை மனிதனாக்கும் என்னும் அளவில் மறுத்தற்கு இடமில்லை.

இக்கதை பாதிரிமார் நூலைக் கேட்டுப் பின்னர்ப் புனைந்ததாகலாம் எனின், சொல்லால் நிலம் தோன்றிய பகுதி போன்ற சில இடங்களில் அவ்வையம் எழுதற்கு இடமுண்டு. எனினும் கதையின் உடல் பழையது. குவாத்தமாலாவின் வடபால் சான் பர்த்தொலோ என்னும் அழிந்த நகரில் 2001-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சுவரோவியங்கள் கி. மு. 100-ஐ ஒட்டியன. அவற்றில் மக்காச்சோளத் தெய்வம் வரையப்பட்டுள்ளது. அந்நகரிலேயே கிடைத்த சுவர்த்துண்டு ஒன்றில், ஏழு என்னும் எண்ணோடு மான் என்னும் நாட்பெயர் பொறிக்கப்பட்டிருத்தலை 2022-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அது கி. மு. 300-க்கும் 200-க்கும் இடைப்பட்டது என்பர். இசுபானியர் கப்பலேறுதற்குப் பதினைந்து நூற்றாண்டுகட்கு முன்னரே அந்நாட்கணிப்பும் அத்தெய்வமும் அந்நிலத்தில் வழங்கின என்பது இவற்றால் ஐயமறத் தெளியப்படும்.

கதையின் இன்றைய வாழ்வு

இருபது நாட்பெயர்களும் பதின்மூன்று எண்களும் சுழன்று கூடும் 260 நாள் வட்டம் கீச்சே ஊர்களில் இடையறாது எண்ணப்பட்டு வருகின்றது. அதனைக் கணிப்போர் நாட்காவலர் எனப்படுவர். கதையில் முதியோர் இருவர் பரப்பிய அதே சித்தே விதைகளையே இன்றும் அவர் பரப்பிக் குறி காண்கின்றனர். மோமொஸ்தெனாங்கோ என்னும் ஊரில், எட்டு என்னும் எண்ணும் குரங்கு என்னும் பெயரும் கூடும் நாளில் புதிய நாட்காவலர் தீக்கை பெறுகின்றனர். நினைவின்றிக் குரங்காய் ஒழிந்தோர் கதையைக் கேட்டறிந்தோர்க்கு அந்நாட்பெயர் ஓர் எச்சரிக்கையும் ஆகும்.

அவர் இடர் பதினாறாம் நூற்றாண்டோடு ஒழியவில்லை. 1960 முதல் 1996 வரை குவாத்தமாலாவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் 200000-க்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர் என்று 1999-இல் உண்மை காணும் ஆணையம் அறிவித்தது. இனம் தெளியப்பட்டோருள் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள். ஊர்களோடு மக்காச்சோளக் கொல்லைகளும் எரிக்கப்பட்டன. தம் ஊன் அப்பயிரின் மாவே எனக் கொண்டார்க்கு அத்தீ உணவை மட்டும் சுட்டதாகாது. எனினும் போர் ஓய்வதற்கு முன்னரே, 1995-இல் கையெழுத்தாகிய உடன்படிக்கையொன்றில் தொல்குடிகளின் மொழியும் வழிபாடும் ஏற்கப்பட்டன. மறைவில் நிகழ்ந்த வழிபாடு வெளியில் நிகழலாயிற்று.

தைலர் கூறியவாறு இக்கதை வெறுங் காரண ஆராய்ச்சியாயின், நிலநூலும் வானநூலும் பள்ளிகளிற் கற்பிக்கப்படும் இந்நாளில் அது மறைந்தொழிந்திருத்தல் வேண்டும். அது மறைந்திலது. பட்டயம் என்ற மலினோஸ்கி கூற்று உண்மைக்கு அணித்து. ஆயினும் பட்டயம் பெட்டியிற் கிடப்பது, இதுவோ நாள்தோறும் எண்ணப்படுவது. மலை எவ்வாறு எழுந்தது என்பதனைக் கூறும் அளவில் இக்கதை நின்றுவிடவில்லை. எழுந்த மலைமேல் நிற்கின்றவன் யாரை நினைத்தல் வேண்டும், எதற்கு இரங்குதல் வேண்டும் என்பதனையே கூறிற்று. நினைவில்லாதவன் பேசினும் பல்கினும் மரமே என்பது அதன் துணிபு.

நகர் எரிந்தது, ஏடு எரிந்தது, கொல்லை எரிந்தது. நாளை எண்ணுவோர் எண்ணிக்கொண்டே இருந்தனர். அக்கதையின் உட்பொருட்கு அவர் வாழ்வே உரையாயிற்று.